முருகேசனின் இரண்டாவது உலை

சுரங்க ரயிலில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கேட்டவருக்கு என் வயது தெரியும், நான் பார்த்த உத்தியோகமும் தெரியும். எங்கள் காலத்து ரயில் தரைக்கு மேலேயே ஒழுங்காக ஓடாது என்பது மட்டும் தெரியாது போலிருக்கிறது. பரவாயில்லை, நின்றுபோன வண்டியைப் பற்றித்தானே எழுதச் சொல்கிறார்கள்? அந்த விஷயத்தில் என் அனுபவத்தை மிஞ்ச உங்கள் இலாகாவில் ஆளே இருக்க முடியாது.

எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை ஏறிப் பார்த்துவிடலாம் என்று உங்கள் வண்டியில் போனேன். எல்லாம் பளபளவென்று இருந்தது. எனக்காகவே ஏற்பாடு செய்தது போல, இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் சுரங்கத்துக்குள் வண்டி நின்றது. உடனே ஒரு பெண் குரல், தேன் மாதிரி, "தவிர்க்க முடியாத காரணத்தால் சிறிது தாமதம், சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றது. கொஞ்சம் பொறுத்து அதே வாக்கியத்தை அதே தேனோடு மறுபடி சொன்னது. மூன்றாவது முறையும் சொன்னது. யாரும் காது கொடுக்கவில்லை. எல்லோரும் கதவோரம் நின்ற காவலாளியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பையன் பாவம், கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தான். அவ்வளவுதான். ஏ.சி. பெட்டிக்குள் ஒருவன் வேர்வையைத் துடைத்தால் அதற்கு என்ன அர்த்தம்? பெட்டி முழுவதும் வீட்டுக்கு போன் போட ஆரம்பித்தது. என் பக்கத்தில் இருந்த அம்மாள் மகனிடம் சாவி எங்கே இருக்கிறது என்பதுவரை சொல்லிவிட்டாள்.

எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. அந்தக் கைக்குட்டையை எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் முருகேசனின் அடுப்பு.

நான் வேலை பார்த்தது திருவண்ணாமலைப் பக்கம், மீட்டர்கேஜ் காலத்தில், தொண்ணூறுகளில். எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன், எங்கள் ஸ்டேஷன் மாஸ்டருடைய பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். மலை தெரிகிற ஸ்டேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் மலை தெரியாத ஸ்டேஷன் கிடையாது, அதனால் கண்டுபிடிக்கவும் முடியாது. நான் டிக்கெட் கொடுக்கும் கிளார்க். பௌர்ணமி முடிந்த காலையில் மட்டும் மைக்கும் என் பொறுப்பு. குரல் இனிமையாக இருக்கிறது என்பதற்காக அல்ல. மாஸ்டர், போர்ட்டர் இருவருக்கும் மைக்கைப் பார்த்தாலே இருமல் வந்துவிடும்.

பௌர்ணமிக்கு மலையைச் சுற்றிவிட்டு வந்த ஜனம், காலையில் ஊர் திரும்ப எங்கள் பிளாட்பாரத்தில் குவியும். கால் வீங்கிப்போய், துண்டை விரித்து, மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார்கள். வண்டி சொன்ன நேரத்துக்கு வருவது அபூர்வம். வழியில் எங்கேயாவது எஞ்சின் படுத்துக்கொள்ளும். மாற்று எஞ்சின் விழுப்புரத்திலிருந்தோ காட்பாடியிலிருந்தோ வர வேண்டும். எப்போது வரும் என்று கேட்டால் அங்கே இருப்பவர் எங்களைக் கேட்பார்.

இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு எங்கள் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரே வாக்கியம்தான் இருந்தது. "வண்டி சற்று நேரத்தில் வந்து சேரும்." எஞ்சின் வயலுக்கு நடுவே செத்துக் கிடந்தாலும் அதுதான்.

"ஏன் சார், நெசத்த சொல்லிடலாமே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கூட்டத்த பாத்தியாம்மா? ஒருத்தன் எழுந்து கத்துனா எல்லாரும் கத்துவாங்க. சற்று நேரம்னு சொல்லு, கம்முனு உக்காந்திருப்பாங்க."

அவர் கெட்டவர் இல்லை. வெயிலில் தலைக்கு ஈரத்துண்டு போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்பார். ஏற முடியாத பெரியவர்களைத் தானே தூக்கி வண்டிக்குள் விடுவார். ஜனங்களின் மேல் அவருக்கு அக்கறை ஜாஸ்தி, நம்பிக்கைதான் கம்மி. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரும் அவர்தான், அதனால் அந்த வாக்கியத்தை நானும் மூன்று வருஷம் பக்தியோடு ஓதினேன்.

இனி முருகேசன். ஸ்டேஷன் வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் டிபன் கடை போட்டிருந்தவர். விறகு அடுப்பில் பெரிய அண்டா வைத்து வெண்பொங்கல் கிண்டுவார். பௌர்ணமி காலைக்கு ஒரு உலை. வண்டி நேரத்துக்கு வந்தால் அத்தோடு அடுப்பை அணைத்துவிடுவார். தாமதம் என்றால் இன்னொரு உலை வைக்க வேண்டும். எனவே நான் மைக்கில் ஓதி முடித்ததும் நேராக என் ஜன்னலுக்கு வருவார்.

"மேடம், மைக்குல சொன்னது இருக்கட்டும். இன்னொரு தபா ஒல வெக்கட்டா?"

அவரிடம் "சற்று நேரம்" என்று சொல்ல முடியாது பாருங்கள். ஊறிய அரிசியைத் திரும்ப மூட்டையில் கொட்ட முடியுமா? ஆகவே அவருக்கு மட்டும் உள்ளதைச் சொல்வோம். "வெய்யுங்க முருகேசன், எஞ்சின் போயிடுச்சு, மத்தியானம் ஆயிடும்." மாஸ்டரும் அப்படித்தான் சொல்வார். மைக்குக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று.

இதை முதலில் கண்டுபிடித்தது யாரென்று தெரியாது. வேலியோரம் பூ விற்ற அம்மாவாக இருக்கும் என்று எனக்குச் சந்தேகம். நாலைந்து பௌர்ணமிக்குள் மொத்த ஜனத்துக்கும் தெரிந்துவிட்டது. நான் மைக்கைத் தட்டியதும் ஆயிரம் தலைகள் திரும்பும், ஒலிபெருக்கியைப் பார்த்து அல்ல, வேப்பமரத்தைப் பார்த்து. புகை இல்லை என்றால் படுத்திருப்பார்கள். இரண்டாவது முறை புகை கிளம்பினால் மூட்டையைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடையைக் கட்டுவார்கள்.

மாஸ்டருக்குத் தலைவலி. "நாம சொல்றதே இல்ல, இவங்களுக்கு எப்படிம்மா தெரியுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போர்ட்டர்தான் உளவு சொல்கிறான் என்று முடிவு கட்டி, போன் பேசும்போது கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு விஷயம் புரிந்திருந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. மைக்கை விட அடுப்பு நன்றாக வேலை செய்யும்போது நான் எதற்குக் குறுக்கே போக வேண்டும்?

இப்படியே ஓய்வு பெறும்வரை ஓட்டியிருப்போம். ஒருநாள் வண்டி நேரத்துக்கு வந்து கெடுத்துவிட்டது.

அது ஒரு பௌர்ணமி மறுநாள். முந்தின ஸ்டேஷனை வண்டி சரியான நேரத்தில் விட்டுவிட்டது என்று போன் வந்தது. மாஸ்டர் மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மைக்கைப் பிடித்து, "காட்பாடி வரை செல்லும் வண்டி சரியான நேரத்தில் வந்துகொண்டிருக்கிறது" என்று பெருமையாகச் சொன்னேன். வெளியே சலசலப்புக் கேட்டது. சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். மொத்தக் கூட்டமும் மூட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

வேப்பமரத்தடியில் புகை.

அன்று முருகேசனுக்கு வேறு ஆர்டர். அடி அண்ணாமலையில் யாரோ அன்னதானம் போடுகிறார்கள், அதற்குச் சோறு ஆக்கிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். ரயிலுக்கும் அந்த உலைக்கும் சம்பந்தமே இல்லை, அதனால் எங்களை வந்து கேட்கவும் இல்லை. ஜனத்துக்கு அது எப்படித் தெரியும்? போதாததற்கு நான் வேறு புதிதாக ஒரு வாக்கியத்தைச் சொல்லித் தொலைத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் மனைவியிடம் சொன்னது எனக்கே கேட்டது. "சரியான நேரத்துக்கு வருதாம்டி. அப்படீன்னா ரொம்ப மோசமா ஆயிருக்கு. கெளம்பு."

திரும்பத் திரும்பக் கத்தினேன். கத்தக் கத்த வேகமாகப் போனார்கள்.

அப்போது என் கவுன்டருக்கு ஒரு பெண் வந்தாள். இருபது வயது இருக்கும். இரவெல்லாம் மலை சுற்றிய கண்கள், கலைந்த பின்னல். கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர், பெயர் செல்வி. நர்ஸ் படிப்புக்கு அன்று முற்பகல் வேலூரில் நேர்முகம். போன வருஷமும் கூப்பிட்டிருந்தார்கள். பஸ்ஸில் போய், பௌர்ணமி நெரிசலில் பஸ் நகராமல், போய்ச் சேர்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார்களாம். இந்த வருஷமும் விட்டால் மாப்பிள்ளை பார்த்துவிடுவேன் என்று அப்பா சொல்லிவிட்டார். இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"மேடம், வண்டி வருதுங்களா?"

"வருதும்மா."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். "இது மைக்குல சொல்றதுங்களா மேடம், நெசமா சொல்றதுங்களா?"

கிண்டல் இல்லை. குத்திக்காட்டவும் இல்லை. எந்தக் கவுன்டரில் எது கிடைக்கும் என்று கேட்பது போல, மரியாதையாகக் கேட்டாள். மூன்று வருஷம் மைக்கில் பேசி நான் சம்பாதித்தது இதுதானா என்று இருந்தது.

"நெசமாதாம்மா. முந்தின ஸ்டேஷன விட்டுடுச்சு. இங்கயே நில்லு."

"நான் நிக்குறேன் மேடம். அப்பா பஸ்ல எடம் புடிக்கப் போயிட்டாரு. சர்ட்டிபிகேட்டு பையெல்லாம் அவர்கிட்டதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள். வாசலுக்கு ஓடினாள். அங்கே ரோடு முழுக்கத் தலை, அதில் அப்பா எந்தத் தலை?

நான் மாஸ்டரிடம் ஓடினேன். வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"முடியாதும்மா. ஒத்த லைன். அடுத்த ஸ்டேஷன்ல எதிர் வண்டி இதுக்காகக் காத்துக்கிட்டு நிக்குது. அது சரி, இன்னா நடக்குது இங்க? வண்டி வர நேரத்துல ஏன் எல்லாரும் போறாங்க?"

"சார், அடுப்பு."

"எந்த அடுப்பு?"

சொன்னேன். இரண்டே வாக்கியம். அவர் வேப்பமரத்தைப் பார்த்தார். சாத்தி வைத்த கதவு, போர்ட்டர் மேல் பட்ட சந்தேகம், எல்லாம் அவர் முகத்தில் வரிசையாக வந்து போனது. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திரும்பி, சுவரில் தொங்கிய தீயணைப்பு வாளியை எடுத்தார். தண்ணீர் நிரப்பி, சிவப்பு பெயின்ட் அடித்து, மேலதிகாரிகள் பார்ப்பதற்கென்றே மாட்டி வைத்திருந்த வாளி. என் சர்வீஸில் அது நெருப்பைப் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

வேலியைத் தாண்டிப் போய் முழு வாளியையும் அடுப்பில் ஊற்றினார். உஸ்ஸென்று வெள்ளைப் புகை மரத்துக்கு மேலே எழும்பி, அத்தோடு நின்றது.

"சார்! சார்! அன்னதானத்து சோறு சார் அது!" முருகேசன் கரண்டியோடு குதித்தார்.

ரோட்டில் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூக்கார அம்மாதான் முதலில் கத்தினாள். "அடுப்ப அணைச்சிட்டாங்க! வண்டி வருது, வண்டி வருது!"

நான் மைக்கில் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காதது, ஒரு வாளித் தண்ணீரில் நடந்தது. கூட்டம் அப்படியே திரும்பியது. அதில் ஒருவர் மஞ்சள் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். செல்வி பாய்ந்து போய் முதலில் பையைப் பிடித்தாள், அப்புறம்தான் அப்பாவின் கையை. வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே வந்தது. இருவரும் ஏறியதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அன்னதானத்துச் சோறு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அரை வேக்காட்டு அரிசியை அண்டாவோடு மாஸ்டர் வீட்டுக்குத் தூக்கிப் போனோம். அண்டாவின் ஒரு காதை மாஸ்டரே பிடித்துக்கொண்டார். அவர் மனைவி மீதியை வேக வைத்துக் கொடுத்தார், அவரை ஒரு பார்வையும் பார்த்தார். அடி அண்ணாமலையிலிருந்து ஆள் வந்து சோறு எங்கே என்று கேட்டபோது முருகேசன் எங்கள் இருவரையும் முறைத்துக்கொண்டே சொன்னார், "சற்று நேரத்தில் வந்து சேரும்."

அன்று மாலை மாஸ்டர் என் அறையில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "முப்பது வருஷமா ரயில்வேல இருக்கேன். என் வாயில வர வார்த்தைய விட ஒரு அடுப்புப் புகைக்கு மதிப்பு ஜாஸ்தியா இருக்கு. இனிமே முருகேசன்கிட்ட இன்னா சொல்றியோ அதையே மைக்குலயும் சொல்லும்மா" என்றார்.

"கலாட்டா ஆனா சார்?"

"ஆனா நான் வாங்கிக்கிறேன்."

அதற்கு அடுத்த முறை எஞ்சின் நிஜமாகவே படுத்தது. மாஸ்டர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். நான் சொன்னேன்: எஞ்சின் கெட்டுவிட்டது, வேறு எஞ்சின் கேட்டிருக்கிறோம், எப்போது வரும் என்று எங்களுக்கே தெரியவில்லை, அவசரமாகப் போக வேண்டியவர்கள் பஸ்ஸில் போவது நல்லது, இருப்பவர்களுக்கு அரை மணி கழித்து மறுபடி சொல்கிறேன். கலாட்டா நடக்கவில்லை. ஒரே ஒருவர் கத்தினார், பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் அவரை அதட்டினார்.

இதில் கஷ்டமானது எது தெரியுமா? அந்த அரை மணி. அரை மணி கழித்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கை மைக்கை விட்டு விலகப் பார்த்தது. மாஸ்டர் கடிகாரத்தைக் காட்டினார். "புதுசா சொல்ல ஒண்ணும் இல்லைங்க. மறுபடி அரை மணியில் வரேன்" என்றேன். பிளாட்பாரமே சிரித்தது. சிரித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியது. ஒன்றும் தெரியாதபோதும் சொன்ன நேரத்துக்கு வந்து பேசுகிறவளை, தெரியும்போது நம்பலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். ஆகவே பிள்ளைகளே, சுரங்கத்துக்குள் நிற்கிறவர்களுக்கு உங்கள் வருத்தம் வேண்டாம். என்ன ஆயிற்று, உட்கார்ந்திருக்கலாமா, அடுத்து எப்போது பேசுவீர்கள் என்பதுதான் வேண்டும். அந்தக் கைக்குட்டைப் பையனுக்குத் தெரிந்ததை அந்தத் தேன் குரலுக்கும் சொல்லிவிடுங்கள். அல்லது தேன் குரலுக்குத் தெரிந்ததை அவனுக்காவது சொல்லுங்கள், பாவம்.

செல்விக்கு இடம் கிடைத்தது. அறுவடை முடிந்து அவள் அப்பா ஒரு கோணி மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு, ஸ்டேஷனுக்கு வந்தார். என்னை ஜன்னல் வழியாக உற்றுப் பார்த்துவிட்டு, "மைக்குல பேசுறது நீங்கதானுங்களா? நேர்ல பாத்தா பொய் சொல்ற மாதிரியே தெரியலியே" என்றார். அதைவிட நல்ல சர்ட்டிபிகேட் எனக்கு இலாகாவில் யாரும் கொடுக்கவில்லை.

ஜனம் உடனே என்னை நம்பிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நான் பேசி முடித்ததும், மரியாதைக்கு ஒருமுறை தலையாட்டிவிட்டு, வேப்பமரத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கிறார்கள். அந்தப் பார்வை மெல்ல மெல்லத்தான் குறைந்தது. மூன்று வருஷம் சொன்ன பொய்யைக் கழிக்க அதைவிட அதிக வருஷம் ஆனது.

கடைசிவரை நம்பாதவர் முருகேசன்தான். வெளியூர்க்காரன்கூட நம்பிவிட்டான், அவர் நம்பவில்லை. நான் எவ்வளவு விவரமாகச் சொன்னாலும், முடித்த கையோடு ஜன்னலில் அவர் முகம் வந்துவிடும். "கேட்டேன் மேடம். நெசமா எவ்ளோ நேரம் ஆவும்?" மைக்கில் சொன்னதையே மறுபடி சொல்வேன். அதன் பிறகுதான் போய் அரிசி கழுவுவார். மாஸ்டர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் இது ஓயவில்லை.

மீட்டர்கேஜைப் பிடுங்கி அகலப்பாதை போடப்போகிறார்கள் என்று பேச்சு வந்த சமயம். ஒரு பௌர்ணமிக் காலையில் எஞ்சின் நின்றுவிட்டது. மத்தியானத்துக்கு மேல்தான் வண்டி என்று மைக்கில் சொன்னேன். சொல்லிவிட்டு, வழக்கம்போல ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு முருகேசனுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று பயந்து எழுந்துபோய்ப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டாவது உலைக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தார்.